நெல்லுக்கு மட்டும்தான் ஈரப்பதமா?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் யாரிடமாவது போய் "ஈரப்பதம்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். மனுசன் அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுவார். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழை பிடித்த வருசத்தில் தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போகும். குழு வந்து பார்க்கும். அதற்குள் களத்தில் கொட்டி வைத்த நெல் முளைவிட்டிருக்கும். ஒரு கைப்பிடி நெல்லை மீட்டரில் போட்டு ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பைத் திருப்பி அனுப்பத் தெரிந்த ஊர் இது.

அதே ஊரின் ரோட்டோரத்தில் கம்ப்ரசர் வைத்து ஃபைபர் கேபிள் ஊதுகிறார்கள். அந்தக் காற்றில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சூடு என்று அளக்கிற ஒரு ஆளையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வாருங்கள். டெல்டா வெயிலில், கூலரும் தண்ணீர் பிரிப்பானும் இல்லாத கம்ப்ரசரால் கேபிள் ஊதுவது சிக்கனம் கிடையாது. அது பூமிக்குள் பணத்தைப் புதைக்கிற வேலை. இதை எங்கள் ஹாஸ்டலில் சொன்னபோது ஒருத்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "காத்துக்கே ஏசி போடணுமாடா மாப்ள?" என்றான். ஆமாடா மாப்ள, போடணும். ஏன் என்று உனக்காகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

மாமா ஊரில் பார்த்தது

ஒரு மே மாதம். பாபநாசம் பக்கம் மாமா ஊருக்குப் போயிருந்தேன். மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. வாய்க்கால் எல்லாம் காய்ந்து வெடித்துக் கிடந்தது. ரோட்டோரம் ஒரு ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கேபிள் ஊதிக்கொண்டிருந்தார்கள். யார், எந்த கம்பெனி என்பதெல்லாம் வேண்டாம், அது இங்கே முக்கியமும் இல்லை. கம்ப்ரசரிலிருந்து வந்த ஹோஸ் மேல் ஈரச் சாக்கு சுற்றியிருந்தார்கள். நான் இஞ்சினியரிங் மாணவன் என்கிற திமிரில் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். கையை உதறிக்கொண்டு வந்தேன் :-)

"அண்ணே, இதுக்குக் கூலர் கிடையாதா?"

"கூலரெல்லாம் ஆபீசுல உட்கார்றவங்களுக்குத் தம்பி. எங்களுக்கு இந்தச் சாக்குதான்."

மதியம் இரண்டு மணி போல் கேபிள் நின்றுவிட்டது. சுமார் 700 மீட்டர் போயிருக்கும். அழுத்தத்தைக் கூட்டிப் பார்த்தார்கள், பின்னால் இழுத்துத் திரும்ப விட்டுப் பார்த்தார்கள். அசையவில்லை. கடைசியில் எங்கள் மாமா வயல் வரப்பை ஒட்டிக் குழி வெட்டி, குழாயை அறுத்து, நடுவிலிருந்து மறுபடி ஊதினார்கள். அறுத்த இடத்தில் ஒரு இணைப்பு வந்தது. நாளைக்குக் காற்றோ தண்ணீரோ கசிய ஒரு புது வாசல்.

அந்த லைன் உயிர் பெற்றபோது குறுவை அறுவடையே முடிந்துவிட்டது. கொள்முதலுக்கு இணையத்தில் பதிவு செய்ய மாமா சிட்டா, அடங்கலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குத்தான் போனார். இத்தனை தாமதமும் ஒரு கூலரால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அது நேர்மையில்லை. ஆனால் அந்த மதியம் 700 மீட்டரில் கேபிள் நின்றதற்குப் பின்னால் ஒரு பௌதிகம் இருக்கிறது.

இழுப்பது வேறு, ஊதுவது வேறு

முதலில் ஊதுவது என்றால் என்ன? நம்ம ஊரில் ஃபைபருக்குப் புதைக்கிற குழாய் பெரும்பாலும் 40 மி.மீ வெளிவிட்டமுள்ள எச்.டி.பி.இ குழாய். உள்ளே 33 மி.மீ இடம். உள்சுவரில் வழுக்கும் பூச்சு ஒன்று நிரந்தரமாக இருக்கும். பி.எஸ்.என்.எல் முறைப்படி அதைப் புதைக்கிற ஆழம் 165 செ.மீ, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரப் பள்ளம்.

பழைய முறையில் இந்தக் குழாய்க்குள் கயிறு விட்டுக் கேபிளை இழுப்பார்கள். சிக்கல் வளைவுகளில் வரும். அசையாத ஒரு தூணில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் ஒரு சின்னப் பையனே பெரிய பாரத்தைப் பிடித்து நிறுத்தலாம் இல்லையா, அதே கணக்கு இங்கே நமக்கு எதிராக வேலை செய்யும். ஒவ்வொரு வளைவும் இழுவிசையைப் பெருக்கும். உராய்வுக் கெழு 0.2 என்று வைத்துக்கொள்வோம். நாலு செங்கோண வளைவுக்கு இழுவிசை மூன்றரை மடங்கு ஆகும். அதே நாலு வளைவு, உராய்வு 0.3 என்றால் ஆறரை மடங்கு! உராய்வு ஏறியது ஒன்றரை மடங்குதான், தண்டனை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1980களின் பிற்பகுதியில் ஹாலந்து தபால் தந்தி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வில்லம் கிரிஃபியோன் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். கேபிளின் மூக்கில் இழுக்காமல், குழாய்க்குள் வேகமாகக் காற்றைப் பாய்ச்சினால் அது கேபிளின் முழு நீளத்தையும் தடவித் தள்ளிக்கொண்டு போகும். நுழைவாயிலில் ஒரு இயந்திரம் கேபிளைப் பிடித்து உள்ளே தள்ளும். விசை ஒரே இடத்தில் இல்லாமல் வழி நெடுகப் பரவுவதால் வளைவுகள் முன்போல் பழிவாங்காது. கயிறு கட்டி இழுத்தால் சில நூறு மீட்டர் போகும் கேபிள், ஊதினால் ஒன்று, இரண்டு கிலோமீட்டர் போகும். உலகம் முழுக்க இன்று இதுதான் வழக்கம்.

சூடு எங்கிருந்து வருகிறது?

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும், அவ்வளவுதான் விசயம். 32 டிகிரி காற்றைச் சாதாரண அழுத்தத்திலிருந்து ஒன்பது மடங்குக்கு, வெப்பம் வெளியே போக வழியில்லாமல் அமுக்கினால் கணக்குப்படி 300 டிகிரியைத் தொடும். ஸ்க்ரூ கம்ப்ரசரில் உள்ளே ஆயில் பாய்ந்து அந்தச் சூட்டைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்வதால் வெளியே வரும் காற்று 80லிருந்து 100 டிகிரிக்குள் இருக்கும். ரோடு உடைக்கிற ஜாக்ஹேமருக்கு அது ஒரு பிரச்சினையே இல்லை. பிளாஸ்டிக் குழாய்க்கு?

குழாயும் பாலிஎத்திலீன், கேபிளின் மேலுறையும் பெரும்பாலும் பாலிஎத்திலீன். சூடானால் இரண்டும் இளகும். இளகிய பிளாஸ்டிக் இளகிய பிளாஸ்டிக்கோடு உரசினால் வழுக்காது, ஒட்டும். மேலே பூசுகிற நீர் கலந்த வழுக்குத் திரவமும் சூட்டில் காய்ந்துபோகும். வெளியே தெரிகிற பத்து மீட்டர் குழாய் 40 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏழு செ.மீ போல நீளும். நீள இடமில்லாத குழாய் நெளியும். நெளிவு என்றால் என்ன? புது வளைவு! சூடேறிய குழாயின் அழுத்தம் தாங்கும் சக்தியும் குறையும். இணைப்பு பிய்த்துக்கொண்டு போவதும் அப்போதுதான்.

"சூடு கொஞ்ச தூரத்தில் மண்ணில் இறங்கிவிடுமே, மீதி ஒரு கிலோமீட்டர் சும்மாதானே இருக்கு" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அழுத்தம் குழாய் நெடுகச் சமமாக இறங்குவதில்லை. காற்று விரிந்துகொண்டே போவதால் கடைசியில்தான் வேகமும் தள்ளுவிசையும் அதிகம். ஒரு கிலோமீட்டர் குழாயின் ஒரு முனையில் 9 பார், மறுமுனை திறந்து 1 பார் என்று கணக்குப் போட்டால், முதல் நூறு மீட்டரில் இறங்குவது அரை பார்கூட இல்லை. கடைசி நூறு மீட்டரில் இறங்குவது 2 பார். ஆக, காற்று கேபிளைத் தள்ளுவதில் ரொம்பச் சோம்பேறியாக இருக்கும் இடம் நுழைவாயில் பக்கம். சூட்டால் உராய்வு கூடுகிற இடமும் அதேதான். அது மட்டுமா? டிரம்மில் இருக்கிற ஒவ்வொரு மீட்டர் கேபிளும் அந்த முதல் நூறு மீட்டரைத் தாண்டித்தான் போயாக வேண்டும். பலவீனமான இடம் பார்த்து அடிக்கிறது சூடு.

தண்ணீர்க் கணக்கு

இப்போது நம்ம ஊருக்கே உரிய விசயத்துக்கு வருவோம். காலை 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வையுங்கள். டெல்டாவில் இது அதிசயம் இல்லை. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 27 கிராம் நீராவி இருக்கும். ஒன்பது கன மீட்டரை ஒரு கன மீட்டராக அமுக்கினால் அதில் 243 கிராம். 85 டிகிரியில் அவ்வளவும் ஆவியாகவே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 40 டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்தக் காற்றால் 50 கிராம் சொச்சம்தான் தாங்க முடியும். மீதி 190 கிராம் தண்ணீராகக் கொட்டியே ஆக வேண்டும்.

கேள்வி ஒன்றுதான்: எங்கே கொட்ட வேண்டும்? கூலரும் பிரிப்பானும் இருந்தால் ரோட்டோரம் ஒரு குழாய் வழியே சொட்டிப் புல்லுக்குப் போகும். இல்லாவிட்டால் பூமிக்குள் சுமார் 30 டிகிரியில் இருக்கும் குழாய்ச் சுவரில் பட்டு, உள்ளேயே கொட்டும். நிமிடத்துக்கு ஐந்து கன மீட்டர் காற்று போனால் நூறு மில்லிக்குக் குறையாது. அரை மணி நேரம் ஊதினால் மூன்று லிட்டர். அழுத்தம் குறையக் குறைய அதில் ஒரு பகுதி திரும்ப ஆவியாகி வெளியே போகும் என்று கழித்தாலும், 33 மி.மீ குழாய்க்கு அது கொஞ்சமில்லை.

மேட்டு நிலத்தில் ஏதாவது ஒரு கோடியில் வடிந்துவிடும். நம்ம ஊரில்? வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, அவற்றின் கிளைகள், கிளைகளின் கிளைகள், ஏ வாய்க்கால், பி வாய்க்கால். எதைக் கடப்பதென்றாலும் குழாய் கீழே இறங்கி மேலே ஏறும். ஒவ்வொரு பள்ளமும் தண்ணீர் தேங்க ஒரு தொட்டி. காற்று அந்தத் தண்ணீரைத் தூக்கி அடிக்க வீணாய்ச் செலவாகும். ஊதுவதற்கு முன் ஸ்பாஞ்ச் விட்டுக் குழாயைத் துடைக்கிற நல்ல வழக்கம் இருக்கிறது. ஒரு கையால் துடைத்துவிட்டு மறு கையால் வெந்நீர் ஆவியை உள்ளே விடுவது என்ன வேலை?

இதில் எனக்கு எரிச்சல் வருவது ஒரு ஒப்பீட்டில். டெல்டாவில் கலர் சார்ட்டர் வைத்திருக்கிற எந்த அரிசி மில்லுக்கும் போய்ப் பாருங்கள். கறுப்பு அரிசியை ஒவ்வொன்றாக ஊதித் தள்ளுவது காற்றுதான். அந்தக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் ஏர் டிரையர் இருக்கும். ஈரக் காற்று போனால் மெஷின் பாழ் என்று மில்காரருக்குத் தெரியும். ஒரு அரிசியை ஊத உலர்ந்த காற்று. ஒரு ஊருக்கே இணைப்புத் தரும் கேபிளை ஊத எந்தக் காற்றும் சரி!

வழக்கமான பதில்கள்

"நாங்க இருபது வருசமா இப்படித்தான் ஊதுறோம்." ஊதியிருப்பீர்கள். மார்கழிக் காலையில், நேரான ரோட்டில், ஐந்நூறு மீட்டர். அது போய்விடும். மே மாதம், ஆறு வாய்க்கால் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர்தான் பரீட்சை. நின்றுபோன கேபிள்களையும் அந்த இருபது வருசக் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள்.

"ராத்திரியில ஊதினா ஆச்சு." இதுதான் ரொம்பப் பேர் நம்புகிற மருந்து. பகலுக்கும் இரவுக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்று வைத்தாலும், ஸ்க்ரூ கம்ப்ரசரின் ஆயில் சூட்டை ஒரு வால்வு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகவிடாது. விட்டால் ஆயிலோடு தண்ணீர் கலந்துவிடும். அதனால் நடுராத்திரியிலும் வெளியே வருகிற காற்று கொதித்துக்கொண்டுதான் வரும். கூலர் இருந்தால் கதை வேறு. கூலரால் வெளிக்காற்றின் சூட்டை ஒட்டித்தான் இறக்க முடியும், ஆகவே விடியற்காலை ஊதுவது அப்போதுதான் உண்மையில் பலன் தரும். கூலர் இல்லாமல் ராத்திரி வேலை பார்த்தால் ஆட்களுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

"சாக்கு சுத்தினா போதும்." இதைச் சொல்கிற தொழிலாளியை நான் கும்பிடுவேன். பிரச்சினை அவருக்குத்தான் முதலில் புரிந்திருக்கிறது. ஈரச் சாக்கும் ஒரு கூலர்தானே? ஆனால் தடித்த ரப்பர் ஹோஸ் வழியே அது எவ்வளவு சூட்டை இழுக்கும்? உள்ளே இருக்கிற தண்ணீரை எப்படிப் பிரிக்கும்? சாக்கு கட்டியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சாக்கைக் கொடுத்துவிட்டு முழு வேலைக்கும் பில் போடுகிறவர் மேல்தான்.

"செலவு யார் தருவா?" கூலர் என்பது ராக்கெட் இல்லை ஐயா. லாரி ரேடியேட்டர் போல ஒன்று, ஒரு ஃபேன், அடியில் தண்ணீர் வடிய ஒரு பிரிப்பான். ஒரு தடவை வாங்கினால் நூறு ஊருக்கு ஓடும். மாமா வரப்பில் வெட்டிய மாதிரி கழுத்தளவுக் குழி, அறுத்த குழாய், புது இணைப்பு, ஒரு நாள் கூலி, இதெல்லாம் ஒவ்வொரு தடவையும் செலவு. ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து வயலில் தண்ணீர் நின்றுவிட்டால் அந்தக் குழியைக்கூட வெட்ட முடியாது. நாற்று நட்ட வயலில் கடப்பாரையோடு இறங்கிப் பாருங்கள், ஊர் சும்மா விடுமா?

"எதுக்குப் புதைக்கணும், கம்பத்துல கட்டிட்டுப் போவோம்." தமிழ்நாட்டில் பாரத்நெட் இரண்டாம் கட்டத்தில் கேபிளின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியேதான் போனது. வேகமான வழி, சிக்கனமும்கூட, மறுக்கவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையை டெல்டாக்காரன் மறக்க மாட்டான். கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறி லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கம்பம் விழுந்தால் அதில் கட்டிய கேபிள் மட்டும் ஆகாயத்தில் நிற்குமா? கடலோர மாவட்டங்களில் முக்கியத் தடங்களாவது பூமிக்குள் போவதுதான் புத்தி. அப்படிப் போக வேண்டுமானால் ஊதத் தெரிய வேண்டும், ஒழுங்காக.

"இனிமே எல்லாம் 5ஜிதான், கேபிள் எதுக்கு?" அந்த 5ஜி டவர்களிலும் பலவற்றுக்கு ஃபைபர்தான் போகிறது. நகருங்க சார்.

என்னதான் செய்யச் சொல்கிறாய்?

2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை திருத்திய பாரத்நெட் திட்டத்துக்குக் கிட்டத்தட்ட 1.39 லட்சம் கோடி ரூபாய் ஒப்புதல் தந்தது. ஒரு இடத்தில் அறுந்தாலும் மறுபக்கமாக இணைப்பு வரும்படி வளையமாக அமைப்பது அதன் அடிப்படை. நல்ல யோசனை. ஆனால் வளையம் எவ்வளவு நல்லது என்பது அதற்குள் போகிற கேபிள் எவ்வளவு நல்லபடியாக உள்ளே போனது என்பதைப் பொறுத்தது. நெளிந்த குழாயில், மிதமிஞ்சிய விசையில் திணிக்கப்பட்ட கேபிள் அன்றைக்கே சாகாது. இரண்டு மூன்று வருசம் கழித்துச் சாகும், அப்போது ஒப்பந்தக்காரர் ஊரில் இருக்க மாட்டார்.

நான் கேட்பது மூன்றே விசயம்.

ஒன்று, கேபிள் ஊதுகிற ஒவ்வொரு கம்ப்ரசரோடும் கூலரும் தண்ணீர் பிரிப்பானும் இருக்க வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஏற்கெனவே எழுதியிருந்தால் நேரில் வந்து பாருங்கள்.

இரண்டு, குழாய்க்குள் காற்று நுழைகிற இடத்தில் ஒரு வெப்பமானி. வெளிக்காற்றைவிடப் பத்து டிகிரிக்கு மேல் போனால் வேலையை நிறுத்துங்கள். சாதாரண கூலரே இந்த அளவுக்கு இறக்கித் தரும், யாரும் மாயம் செய்ய வேண்டியதில்லை.

மூன்று, ஒரு நோட்டு. எத்தனை மணிக்கு, எத்தனை டிகிரியில், எத்தனை பாரில், எத்தனை மீட்டர் போனது என்று எழுதி, ஊராட்சியில் ஒரு நகல். பள்ளத்தின் ஆழத்தை டேப் வைத்து அளக்கிறோம், குழாயின் நீளத்தை அளந்து பில் போடுகிறோம். காற்றை அளப்பது மட்டும் ஏன் கௌரவக் குறைச்சல்?

விவசாயியின் நெல்லுக்கு மீட்டர் வைத்தபோது அவன் யாரிடமும் தளர்வு வாங்கிக்கொண்டு வயலில் இறங்கவில்லை. வெயிலில் காயவைத்து, கிளறி, மூடி, மறுபடி காயவைத்து, அப்புறம்தான் மூட்டை பிடித்தான். கோடிக்கணக்கில் பில் வாங்குகிறவர்களிடம் அதில் நூறில் ஒரு பங்கு ஒழுங்கைக் கேட்டால் அது அதிகப்பிரசங்கித்தனமா?

அடுத்த தடவை உங்கள் ஊர் ரோட்டோரம் கம்ப்ரசர் சத்தம் கேட்டால் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஹோஸைத் தொட வேண்டாம், சுடும். "கூலர் எங்கண்ணே?" என்று மட்டும் கேளுங்கள். அந்த அண்ணன் சிரிப்பார், பரவாயில்லை. கூட நிற்கிற சூப்பர்வைசர் முகத்தைப் பாருங்கள், அவர் சிரிக்கிறாரா என்று.